மதிப்பு: இல்லை. ஒரு முதியோர் இல்ல நிர்வாகத்துக்குத் திறந்த மடல்

முதியோர் இல்ல நிர்வாகத்தினருக்கு,

உங்கள் சுற்றறிக்கை வந்தது. அறைகளில் இடத்தை அடைக்கும் பழைய கைவேலைப் பொருட்கள் அகற்றப்படும், இனிமேல் உறவினர்கள் ஏதாவது பரிசளிக்க விரும்பினால் அது கடையில் வாங்கியதாக, இயந்திரத்தில் துவைக்கக்கூடியதாக, பில்லோடு இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். "அகற்றப்படும்" என்று இனிமேல் நடக்கப்போவது போலச் சொல்லியிருந்தாலும், அந்தத் தாள் என் கைக்கு வரும் முன்பே என் பெரியம்மாவின் கட்டிலில் இருந்த, கொக்கி ஊசியால் கையால் பின்னிய குரோஷே போர்வை போய்விட்டது. அந்த இடத்தில் கவர் பிரித்த வாடை போகாத, செயற்கை இழையில் செய்த ஒரு ஃப்ளீஸ் போர்வை கிடந்தது. அலுவலகத்தில் போய்க் கேட்டேன், பதிவேட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினார்கள். பழைய போர்வை, 1. பில்: இல்லை. மதிப்பு: இல்லை. அகற்றப்பட்டது, மாற்று வழங்கப்பட்டது.

அதான் புதுசு கொடுத்துவிட்டோமே, பிறகு ஏன் இவ்வளவு வருத்தம் என்று உங்கள் மேற்பார்வையாளர் கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் கையில் கொடுத்த படிவத்தை நிரப்பியிருக்கிறார், அவ்வளவுதான். கோபமெல்லாம் அந்தப் படிவத்தை அப்படி அச்சடித்தவர்கள் மேல். நேரில் பேசியபோது விதி விதிதான் என்றீர்கள். எழுதிக் கொடுத்ததற்குப் பதிலே வரவில்லை. அதனால் எல்லோரும் படிக்கும்படி இங்கே எழுதுகிறேன்.

நீங்கள் எதை அகற்றினீர்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "பழைய போர்வை" என்ற இரண்டு சொல்லில் அது அடங்காது. அது என் அம்மா தன் அக்காவுக்காகப் போட்டது. மற்ற வேலைகளில் மிஞ்சிய நூல்களைச் சேர்த்து வைத்து, சின்னச் சின்னச் சதுரமாகப் போட்டு, கடைசியில் எல்லாவற்றையும் கோத்து முடித்தது. கம்பளி நூல் பெரியம்மாவுக்கு உடம்பில் அரிக்கும் என்பதால் முழுக்கப் பருத்தி நூல். ஓரத்தில் ஒரு சதுரத்தில் மட்டும் கண்ணிக் கணக்குத் தப்பி, விளிம்பு நெளிந்து நிற்கும். அதைப் பிரித்துத் திரும்பப் போடச் சோம்பல் பட்டு அம்மா அப்படியே விட்டுவிட்டாள் என்பது பெரியம்மாவின் நெடுநாள் புகார். அம்மா இப்போது இல்லை. பெரியம்மாவுக்கு மறதி நோய் முற்றிவிட்டது, என்னை என் அம்மா என்றே நினைத்துக்கொள்கிறார், சில நாள் அதுவும் இல்லை. ஆனால் பேசிக்கொண்டே இருக்கும்போது விரல்கள் தானாகப் போர்வையின் ஓரத்தில் நடந்து போய் அந்த நெளிந்த சதுரத்தைப் பிடித்துக்கொள்ளும், "இவளுக்கு எண்ணவே வராது" என்று சொல்லிச் சிரிப்பார். அந்த அறையில் அவர் தன் தங்கையைப் பற்றிச் சொல்லும் ஒரே முழு வாக்கியம் அதுதான். போன தடவை போயிருந்தபோது ஃப்ளீஸ் போர்வையின் நாலு ஓரத்தையும் தடவிப் பார்த்துவிட்டு, தன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார். இரவுகளிலும் அப்படித்தான் என்று உங்கள் பராமரிப்பாளர் ஒருவரே சொன்னார். (அவர் யார் என்று தேடாதீர்கள், நான் சொல்லப்போவதில்லை.)

இதை வெறும் உணர்ச்சிப் பேச்சு என்று தள்ளிவிடலாம், அதனால் நீங்கள் சொன்ன காரணங்களுக்கே வருகிறேன்.

சுகாதாரம் என்கிறீர்கள். நியாயமான கவலை, பல பேர் ஒன்றாக வாழும் இடத்தில் நோய்த்தொற்று சின்ன விஷயம் இல்லை. இங்கிலாந்தில் மருத்துவமனை, பராமரிப்பு இல்லத் துணிகளுக்கு உள்ள வழிகாட்டுதல், சலவை வெப்பம் 65 டிகிரியில் குறைந்தது 10 நிமிடம் அல்லது 71 டிகிரியில் குறைந்தது 3 நிமிடம் நிற்க வேண்டும் என்கிறது. அந்தச் சூட்டில் கம்பளி நூல் கெட்டுப்போகும் என்பது உண்மை. கம்பளி இழையின் மேல் செதில் செதிலாக இருக்கும், சூடும் ஈரமும் புரட்டலும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு துணி சுருங்கி அட்டை மாதிரி ஆகிவிடும். சரி. ஆனால் இது பருத்தி. பருத்தி அந்தச் சூட்டைத் தாராளமாகத் தாங்கும், உங்கள் படுக்கை விரிப்புகளும் தலையணை உறைகளும் பருத்திதானே, அதே இயந்திரத்தில்தானே போகின்றன? ஒரு சலவைப் பையில் போட்டுக் கட்டியிருந்தால் கண்ணி எங்கேயும் மாட்டி இழுபடாமல் வந்திருக்கும். கம்பளியாகவே இருந்திருந்தாலும், சூடு தாங்காத துணிகளைத் தனியாகக் கையாள வழி இருக்கிறது, இல்லையென்றால் என்னைக் கூப்பிட்டிருந்தால் வாரா வாரம் நானே எடுத்துப்போய்த் துவைத்துக் கொண்டுவந்திருப்பேன். எந்த நூல் என்று யாரும் கேட்கவில்லை. கையால் செய்தது என்பதாலேயே துவைக்க முடியாதது என்று முடிவு கட்டிவிட்டீர்கள்.

தீ ஆபத்து என்கிறீர்கள். பருத்தி எளிதில் பற்றும், மறுக்கவில்லை. ஆனால் அதே பருத்தித் திரைச்சீலை ஜன்னலில் தொங்குகிறது. பதிலுக்கு நீங்கள் கொடுத்த ஃப்ளீஸ் பாலியெஸ்டர், அதாவது தண்ணீர் பாட்டில் செய்கிற அதே பிளாஸ்டிக்கின் இழை. அது ஏறக்குறைய 250 டிகிரியில் உருகும், உருகினால் தோலில் ஒட்டிக்கொள்ளும். சுலபமாகத் தீப்பிடிக்காத துணி வேண்டும் என்றால் சாதாரணத் துணிகளில் கம்பளிதான் நல்லது, அதைத்தான் சலவைக் காரணம் சொல்லி முதலில் விலக்குகிறீர்கள். தீக்காகத்தான் இந்த விதி என்றால் எந்த இழை என்று பார்த்திருப்பீர்கள். நீங்கள் பார்த்தது பில் இருக்கிறதா என்று மட்டும்.

ஊழியர்களுக்கு நேரம் இல்லை என்பது மூன்றாவது காரணம், இதில் பாதி உண்மை இருக்கிறது. ஒரு பராமரிப்பாளர் எத்தனை கட்டிலைப் பார்க்கிறார் என்பதை நான் கண்ணால் பார்த்தவன். ஆனால் நேரத்தை மிச்சப்படுத்தத்தானே எல்லாவற்றையும் தூக்கிப் போடத் தொடங்கினோம்? 1955 ஆகஸ்ட் 1 தேதியிட்ட லைஃப் என்ற அமெரிக்க இதழில் ஒரு படம் வந்தது. அப்பா, அம்மா, குழந்தை மூவரும் கைகளை உயர்த்தி நிற்க, தட்டும் கிண்ணமும் கரண்டியும் மழை மாதிரி அவர்களைச் சுற்றிப் பறந்துகொண்டிருக்கும். இவற்றையெல்லாம் கழுவித் துடைக்க 40 மணி நேரம் ஆகும், இனி அந்தக் கவலை எந்த இல்லத்தரசிக்கும் வேண்டாம், எல்லாம் தூக்கிப் போடுபவைதான் என்று சந்தோஷமாக எழுதியிருந்தார்கள். அந்த 40 மணி நேரம் மிச்சமாகி எழுபது வருடம் ஆகிறது. இன்று ஒரு வயதானவரின் போர்வையை எடுப்பதற்கு முன் அவருடைய குடும்பத்துக்கு ஒரு போன் செய்ய யாருக்கும் இரண்டு நிமிடம் இல்லை.

இனி பில் விஷயம்.

கடையில் வாங்கியதாக இருக்க வேண்டும் என்கிறீர்கள் அல்லவா, ஒரு தகவல் சொல்கிறேன். பின்னலாடைக்கு இயந்திரம் வந்து நானூறு வருடத்துக்கு மேல் ஆகிறது, இங்கிலாந்தில் வில்லியம் லீ என்ற பாதிரியார் காலுறை பின்னும் சட்டகத்தைச் செய்தது 1589இல். ஆனால் ஒற்றைக் கொக்கி ஊசியால் போடும் குரோஷேவை அப்படியே போட்டுத் தரும் இயந்திரம் வணிக அளவில் இன்னும் வரவில்லை. அதனால் கடையில் தொங்கும் உண்மையான குரோஷே மேல்சட்டையோ பையோ எவ்வளவு மலிவாக இருந்தாலும், அதை எங்கேயோ ஒருவர் உட்கார்ந்து கண்ணி கண்ணியாகக் கையால் போட்டிருக்கிறார், அவருக்கு எவ்வளவு கிடைத்திருக்கும் என்று அந்த மலிவை வைத்து நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். உங்கள் விதிப்படி அந்த முகம் தெரியாதவரின் கைவேலை பில்லோடு வந்தால் உள்ளே வரலாம், என் அம்மாவின் கைவேலை வெளியே போக வேண்டும். இரண்டும் அதே ஊசி, அதே நூல், அதே கண்ணி. நடுவில் ஒரு ரசீது மட்டும்தான் வித்தியாசம்.

நீங்கள் மட்டும் இப்படி என்று சொல்ல வரவில்லை. ஒரு காலத்தில் வீட்டில் செய்த பொருள்தான் எல்லோரிடமும் இருந்தது, கடைப் பொருள் வைத்திருப்பது பெருமையாக இருந்தது. அப்புறம் கடைப் பொருள் எங்கும் நிறைந்து, மலிந்து, குப்பையும் ஆகிவிட்ட பிறகு கைவேலைக்குத் திரும்ப மதிப்பு வந்திருக்க வேண்டும், வரவும் செய்தது, ஆனால் கடைக்குள் மட்டும். "கையால் செய்தது" என்று ஒரு சீட்டு ஒட்டினால் விலையை ஏற்றலாம் என்று வியாபாரிகளுக்குத் தெரியும். 2015இல் ஜர்னல் ஆஃப் மார்க்கெட்டிங் இதழில் இதைப் பற்றி ஒரு ஆய்வே வந்தது, கையால் செய்த பொருளில் அன்பு சேர்ந்திருப்பதாக வாங்குபவர்கள் உணர்கிறார்கள், பிரியமானவர்களுக்குப் பரிசு வாங்கும்போது அதையே தேடுகிறார்கள் என்பதுதான் அதன் சாரம். ஆக, முன்பின் தெரியாதவரின் அன்பைக் காசு கொடுத்து வாங்கத் தயாராக இருக்கிறோம். தெரிந்தவர் சும்மா கொடுத்தால் நாம் சொல்லும் அதிகபட்சப் பாராட்டு, "அட, கடையில் வாங்கின மாதிரியே இருக்கே!" நானும் குரோஷே போடுகிறேன், இந்தப் பாராட்டைக் கேட்டுக் கேட்டுச் சிரிக்கப் பழகிவிட்டேன். ஆனால் ஒரு நிறுவனம் அதையே விதியாக அச்சடிக்கும்போது சிரிப்பு வரவில்லை.

ஒரு நிறுவனம் இதை வேறு மாதிரியும் செய்யலாம் என்பதற்கு என்னிடம் ஒரு பழைய உதாரணம் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. லண்டனில் ஃபவுண்ட்லிங் ஹாஸ்பிட்டல் என்று ஒன்று இருந்தது, பெயர்தான் ஹாஸ்பிட்டல், உண்மையில் வளர்க்க வழியில்லாத தாய்மார்கள் குழந்தையை விட்டுவிட்டுப் போகும் காப்பகம். 1741இல் முதல் குழந்தைகளைச் சேர்த்தார்கள். குழந்தையின் பெயரையும் தாயின் பெயரையும் வெளியே சொல்லாத முறை என்பதால், பிறகு என்றாவது தாய் திரும்பி வந்தால் அடையாளம் காண ஒரு துணித் துண்டைப் பதிவுச் சீட்டோடு ஊசி குத்தி வைப்பார்கள். சட்டைக் கையிலிருந்து வெட்டிய சீட்டித் துணி, நாடாத் துண்டு, இப்படித்தான் பெரும்பாலும். காசுக்குப் பெறாத கந்தல்கள். 1767இல் வந்த ஒரு ஆண் குழந்தையோடு ஒட்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்து, மேலே இதய வடிவில் பூத்தையல் போட்டு, சரிபாதியாக வெட்டிய ஒரு துண்டு வந்தது. எட்டு வருடம் கழித்து, 1775இல், மறுபாதியோடு தாய் வந்து மகனை அழைத்துப் போனார். அப்படித் திரும்ப வந்தவர்கள் மிகச் சிலர்தான். ஆனாலும் யாரும் வராத சீட்டுகளிலிருந்து துணியைப் பிடுங்கி எறியவில்லை. ஏறக்குறைய 5,000 துண்டுகள் இன்றும் இருக்கின்றன, பதினெட்டாம் நூற்றாண்டில் சாதாரண மக்கள் என்ன உடுத்தினார்கள் என்று அறிய ஆராய்ச்சியாளர்கள் அங்கேதான் போகிறார்கள்.

அவர்களிடமும் ஒரு பதிவேடுதான் இருந்தது. அவர்களுக்கும் ஆள் பற்றாக்குறை, பணப் பற்றாக்குறை, வாசலில் வரிசை. அந்தத் துணி என்ன விலை பெறும் என்று ஒரு கட்டம் போட அவர்களுக்குத் தோன்றவில்லை, இது யாருடையது, யாரோடு வந்தது என்றுதான் எழுதினார்கள்.

அவ்வளவு தூரம் போகவேண்டாம் என்றால், இன்றைய மருத்துவமனைகளையே பாருங்கள். இங்கிலாந்தில் பல மருத்துவமனைகளும் பராமரிப்பு இல்லங்களும் மறதி நோயாளிகளுக்காகப் பின்னல் கை உறைகளை ஊர்க்காரர்களிடம் கேட்டு வாங்குகின்றன. குழாய் மாதிரி இருக்கும், இரண்டு கையையும் உள்ளே விட்டுக்கொள்ளலாம், உள்ளேயும் வெளியேயும் பொத்தான், நாடா, மணி எல்லாம் தைத்திருக்கும். விரல்களின் பரபரப்பு அதில் தணியும், கையில் குத்தியிருக்கும் ஊசியையோ கட்டையோ பிடித்து இழுக்காமல் இருப்பார்கள் என்பதற்காகத்தான். அதாவது என் பெரியம்மாவின் போர்வை ஓரம் செய்துகொண்டிருந்த அதே வேலையைச் செய்யும் ஒரு பொருளைத் தேடித் தேடிச் சேர்க்கிறார்கள். உங்களிடம் அது ஏற்கெனவே இருந்தது. கழிவு வண்டியில் ஏற்றிவிட்டீர்கள்.

பெரியம்மாவின் அறை மட்டும் இல்லை. அதே வராந்தாவில் ஒரு தாத்தாவின் சுவரில் பேத்தி வரைந்து கொடுத்த அட்டைகள் வரிசையாக ஒட்டியிருக்கும், வண்ணம் அடிக்கும்போது எடுத்தவை திரும்ப வரவில்லை, பதிலுக்கு ஒரு சட்டமிட்ட பூப்படம் மாட்டியிருக்கிறீர்கள், எல்லா அறையிலும் அதே பூ. இன்னொருவருக்கு மகன் கையால் செய்து கொடுத்த மரக் கால்மணை, கொஞ்சம் ஆடும், ஆனால் அவர் உயரத்துக்குச் சரியாக இருக்கும். ஆடுவதால் விழும் ஆபத்து என்று எடுத்தீர்கள், சரி, அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. காலில் ஒரு ரப்பர் கட்டை வைத்தால் தீர்ந்திருக்குமே என்பதுதான் என் கேள்வி. சரிசெய்வது என்ற ஒன்றே உங்கள் படிவத்தில் இல்லை. வைத்துக்கொள், அல்லது எறி.

எங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். கையால் செய்தது என்பதாலேயே எல்லாம் புனிதம் ஆகிவிடாது. பயன்படாததை, பெறுபவருக்குப் பிடிக்காததை, செய்தவரின் பெருமைக்காகவே செய்ததைப் பார்த்திருக்கிறேன், பெற்றும் இருக்கிறேன். குடும்பங்கள் வீட்டில் இடமில்லாத சாமான்களை "அம்மாவுக்கு ஞாபகமாக இருக்கட்டும்" என்று உங்கள் அறைகளில் கொண்டுவந்து கொட்டுவதும் நடக்கிறது. எல்லாவற்றையும் என்றென்றைக்கும் வைத்திருங்கள் என்று யாரும் கேட்கவில்லை. ஒரு பொருள் போகலாமா வேண்டாமா என்பதை அதன் பில் முடிவு செய்யக்கூடாது, அதைப் பயன்படுத்துபவர் முடிவு செய்ய வேண்டும், அவரால் முடியாதபோது அவரை அறிந்தவர்கள் முடிவு செய்ய வேண்டும்.

எனவே நான் கேட்பவை இவை. சுற்றறிக்கையில் "கடையில் வாங்கிய", "பில்லுடன் கூடிய" என்ற இரண்டு நிபந்தனைகளையும் எடுத்துவிடுங்கள். துவைக்கக்கூடியது என்ற நிபந்தனை இருக்கட்டும், எந்த இழை, எந்தச் சூடு என்று நாங்களே துணியில் ஒரு சீட்டுத் தைத்துத் தருகிறோம், பெயரும் தொலைபேசி எண்ணும் சேர்த்து. சூடு தாங்காதவற்றைக் குடும்பத்தினர் எடுத்துப்போய்த் துவைத்துக் கொண்டுவர அனுமதி வேண்டும். உடைமைப் பதிவேட்டில் "மதிப்பு" என்ற கட்டத்தை எடுத்துவிட்டு, "செய்தவர் / கொடுத்தவர்" என்று ஒரு கட்டம் போடுங்கள். பில் இருந்தால்தான் இழப்பீடு என்பது உங்கள் கணக்குப் பிரிவின் சிக்கல், அதை அவர்கள் தனியாகத் தீர்த்துக்கொள்ளட்டும், எனக்கு இழப்பீடு வேண்டாம் என்று எழுதியே தருகிறேன். எந்தத் தனிப்பட்ட பொருளையும் அகற்றும் முன் அவரிடம் காட்டிக் கேளுங்கள், குடும்பத்துக்கும் சொல்லுங்கள், எடுத்ததை ஒரு மாதமாவது ஒரு அலமாரியில் வைத்திருங்கள். சின்னப் பழுதுகளைச் சரிசெய்ய மாதம் ஒரு நாள் பொது அறையைத் திறந்துவிட்டால் போதும், ஊசி நூலோடு நான் வருகிறேன், வருவதாக இன்னும் சில குடும்பங்களும் சொல்லியிருக்கின்றன, உங்கள் ஊழியர்களின் நேரம் எதுவும் தேவைப்படாது.

இவற்றுக்கெல்லாம் குழு கூட வேண்டும், ஒப்புதல் வேண்டும் என்பீர்கள், அடுத்த குடும்பத்தினர் கூட்டத்துக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள், காத்திருக்கிறேன். ஆனால் ஒன்று மட்டும் காத்திருக்க முடியாது. அன்றைக்கு அகற்றிய துணிகளை எந்த ஒப்பந்தக்காரர் எடுத்துப் போனார், எங்கே கொண்டுபோகிறார் என்ற விவரம் உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது. பழந்துணிகள் உடனே அழிக்கப்படுவதில்லை, தரம் பிரிக்கும் கிடங்கில் சில நாள் கிடக்கும். அந்தப் பெயரையும் எண்ணையும் நாளைக் காலையிலேயே கொடுங்கள், நானே போய்த் தேடிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் இல்லத்தில் வசிப்பவர் ஒருவரின் தங்கை மகன்